விளையாட்டு சோறு போடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன பிரதோஷத்தன்று எங்கள் சிங்கப்பெருமாள் கோயிலில் நரசிம்மரைச் சேவித்துவிட்டுக் குன்றைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். முழங்கால் முன்போல இல்லை. பாதியில், அழிஞ்சல் மரத்துப் பக்கம் நின்று மூச்சு வாங்கினேன். "சார், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல். திரும்பினால் என்னிடம் படித்த பெண். வயது முப்பத்து நான்கு இருக்கும். கூடவே அவள் மகள். ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள், ஆனால் என் காது வரைக்கும் வளர்ந்திருக்கிறாள். அம்மாவின் உயரம் அப்படியே வந்திருக்கிறது.

நலம் விசாரித்து முடித்ததும் அந்தப் பெண் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சார், இவ ஸ்கூல்ல பேஸ்கட்பால் ஆடுறா. செங்கல்பட்டுல செலக்‌ஷன் இருக்கு, அனுப்புங்கன்னு பி.டி. சார் சொல்றார். இவங்க அப்பா வேணாங்கிறார். நான் எங்க சாரைக் கேட்டுட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்த நேரத்தில் சமாளிப்பதற்காகக் குழந்தையிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"கூடைப்பந்துல உனக்கு யாரைப் பிடிக்கும்மா?"

அவள் யாரோ ஒரு அமெரிக்க ஆட்டக்காரர் பெயரைச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. "உங்களுக்கு எந்த டீம் சார் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டாள். நான் பெருமையாக, "சி.எஸ்.கே.ஏ.!" என்றேன்.

குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ சார், அது தோனி டீமு! கிரிக்கெட்டு!"

"சி.எஸ்.கே. இல்லடா கண்ணு. சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவுல இருக்கு" என்றேன். அவள் நம்பவில்லை. வயசானவர் உளறுகிறார் என்று நினைத்திருப்பாள்.

ஒரு வாரம் டைம் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இந்தப் பதிவு அந்த ஒரு வார யோசனைதான்.

முதலில் மாஸ்கோ எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். என் வயதுக்காரர்களுக்கு 'சோவியத் நாடு' பத்திரிகை நினைவிருக்கும். வழவழ காகிதம், வண்ணப் படங்கள். உள்ளே எழுதியிருந்ததை எத்தனை பேர் படித்தோமோ தெரியாது, ஆனால் தமிழ்நாட்டில் பாதிப் பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அதுதான் அட்டை. 1979 இல் நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது என் உளவியல் நோட்டுக்கு அட்டை போட்டிருந்த பக்கத்தில் ஒரு நெட்டை மனிதர் பந்தோடு எகிறிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் தினமும் அவர் முகத்தைப் பார்த்தேன். படத்துக்குக் கீழே 'ராணுவ மத்திய விளையாட்டுக் கழகம்' என்று இருந்தது. அந்தப் பெயரின் ரஷ்ய எழுத்துகள்தான் சி.எஸ்.கே.ஏ.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். ராணுவத்துக்கு எதற்குக் கூடைப்பந்து அணி? இந்த வாரம் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தபோது நாற்பத்தைந்து வருடச் சந்தேகம் தீர்ந்தது.

அந்தக் கழகம் 1920களில் செஞ்சேனையின் விளையாட்டு அமைப்பாகத் தொடங்கியது. கூடைப்பந்து அணியின் பிறப்பை 1924 என்று சொல்கிறார்கள். பெயர் பலமுறை மாறி, 1960 இல்தான் சி.எஸ்.கே.ஏ. என்று நிலைத்தது. சோவியத் நாட்டில் தொழில்முறை விளையாட்டு என்று ஒன்று கிடையாது என்பது அரசின் கொள்கை. பணத்துக்காக ஆடுவது முதலாளித்துவ நாடுகளின் வேலை, நம் நாட்டில் எல்லோரும் பொழுதுபோக்காகத்தான் ஆடுகிறார்கள் என்பார்கள். அப்படியானால் காலையும் மாலையும் பயிற்சி செய்கிறவன் எதைச் சாப்பிடுவான்?

அங்கேதான் ராணுவம் வருகிறது. இளைஞர்கள் எல்லோருக்கும் கட்டாய ராணுவச் சேவை. எந்த ஊரில் நல்ல ஆட்டக்காரன் இருந்தாலும் சேவைக்கு அழைத்து சி.எஸ்.கே.ஏ.வில் சேர்த்துவிடலாம். பதிவேட்டில் அவன் ராணுவ வீரன். சம்பளம் ராணுவச் சம்பளம். செய்கிற வேலை கூடைப்பந்து. மற்ற அணிகளுக்கும் இதுபோல ஒவ்வொரு புரவலர் இருந்தார்கள். டைனமோ அணிகளுக்குக் காவல்துறை, லோகோமோட்டிவ் அணிகளுக்கு ரயில்வே. ஆட்டக்காரன் எங்காவது ஒரு சம்பளப் பட்டியலில் இருப்பான்.

இப்படி வளர்ந்த அணி என்ன செய்தது தெரியுமா? ஐரோப்பாவில் 1958 இல் சாம்பியன் கழகங்களுக்கான கோப்பை தொடங்கியது. முதல் மூன்று முறையும் வென்றது சோவியத்தின் இன்னொரு ராணுவ அணி, ரீகா நகரத்து அணி. அதன் பயிற்சியாளர் அலெக்சாண்டர் கோமெல்ஸ்கி. 1961 இல் அந்த ரீகா அணியையே இறுதிப் போட்டியில் வீழ்த்தி சி.எஸ்.கே.ஏ. கோப்பையைப் பிடித்தது. பிறகு 1963, 1969, 1971 என்று மொத்தம் நான்கு முறை. கோமெல்ஸ்கியும் பின்னால் சி.எஸ்.கே.ஏ.வுக்கே வந்து சேர்ந்தார். உள்நாட்டில் சோவியத் சாம்பியன் பட்டம் 24 முறை.

1971 கோப்பையில் ஒரு சுவையான சங்கதி. இறுதிப் போட்டி பெல்ஜியத்தில். பயிற்சியாளர் கோமெல்ஸ்கிக்கு நாட்டை விட்டு வெளியே போக அனுமதி கிடைக்கவில்லை. செர்கேய் பெலோவ் என்ற ஆட்டக்காரர், ஆடிக்கொண்டே பயிற்சியாளர் வேலையையும் பார்த்து, இத்தாலியின் வரேசே அணியை வென்று வந்தார். வகுப்புக்கு ஆசிரியர் வராத நாளில் வகுப்புத் தலைவனே பாடம் நடத்தி முடித்த கதைதான்!

அதே பெலோவ்தான் 1972 மூனிச் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் 20 புள்ளிகள் எடுத்தார். கடைசி மூன்று விநாடி திரும்பத் திரும்ப ஆடப்பட்டு, சோவியத் 51, அமெரிக்கா 50 என்று முடிந்த ஆட்டம் அது. ஒலிம்பிக் கூடைப்பந்தில் அதுவரை அமெரிக்கா ஒரு ஆட்டத்திலும் தோற்றதில்லை. அமெரிக்க வீரர்கள் அந்த முடிவை ஏற்காமல் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை. 1980 இல் மாஸ்கோ ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவரும் பெலோவ்தான். தீபமேடைக்குப் போகப் படிக்கட்டே இல்லை. பார்வையாளர் வரிசையில் நின்றவர்கள் தலைக்கு மேலே பலகைகளைத் தூக்கிப் பிடிக்க, அந்தப் பலகைகள் மீதே ஓடிப்போய் ஏற்றினார்.

அந்த மாஸ்கோவில் நாமும் இருந்தோம்! பலருக்குத் தெரியாத செய்தி இது. இந்தியா ஒலிம்பிக் கூடைப்பந்தில் ஆடியது இதுவரை அந்த ஒரே முறைதான். ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் பல நாடுகள் போட்டியைப் புறக்கணித்ததால் நமக்கு இடம் கிடைத்தது. முதல் ஆட்டமே சோவியத்தோடு. 121க்கு 65 என்று தோற்றோம். ஒரு ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. 12 அணிகளில் 12 ஆவது இடம்.

சிரிக்க வேண்டாம். நம்மிடம் ஆட்டம் இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் கூடைப்பந்துக்கும் சென்னைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் பிள்ளைகள் கூரைக்கு அடியில் ஆட ஒரு விளையாட்டு வேண்டுமே என்று பீச் பழக்கூடையைச் சுவரில் மாட்டிக் கண்டுபிடித்தது இது. 13 விதிகள். ஒரு வாத்தியார் கண்டுபிடித்த விளையாட்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920 இல் தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. அங்கே படித்துவிட்டு வந்த உடற்கல்வி ஆசிரியர்கள்தான் ஊர் ஊராக இந்த விளையாட்டைக் கொண்டுபோனார்கள். என்னோடு வேலை பார்த்த பி.டி. சாரும் அங்கே படித்தவர்தான்.

சரி, இங்கே நன்றாக ஆடுகிறவன் எதைச் சாப்பிட்டான்? மாஸ்கோவுக்கும் நமக்கும் இங்கேதான் ஒற்றுமை. தேனி மாவட்டம் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அறுபது வருடங்களுக்கு மேலாக மே மாதத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. கோவையிலும் பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை என்று பெரிய போட்டிகள் உண்டு. அங்கே ஆடவரும் அணிகளின் பெயரைப் பாருங்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. ஐ.சி.எஃப். இந்தியன் வங்கி. ராணுவம். கடற்படை. விமானப்படை. கேரள மின்வாரியம். சுங்கத்துறை. ஊர்ப் பெயரில் வரும் அணியைவிட அலுவலகப் பெயரில் வரும் அணிதான் அதிகம்.

சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணி என்றால் கூடைப்பந்துக்காரர்கள் எழுந்து உட்காருவார்கள். இந்தியாவுக்கு ஆடியவர்கள் பலர் அதில் இருந்திருக்கிறார்கள். குஜராத்தில் பிறந்த நெட்டைப் பையன்கூட அந்த வங்கிக்கு ஆடச் சென்னைக்கு வந்தான். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி செய்வதற்காக 1955 இல் தொடங்கிய தொழிற்சாலை. அங்கிருந்தும் எத்தனையோ ஆட்டக்காரர்கள் வந்தார்கள். காலையில் கோர்ட்டில் பயிற்சி, பிறகு அலுவலகத்தில் கையெழுத்து, மாலையில் மறுபடி கோர்ட். பதிவேட்டில் குமாஸ்தா, களத்தில் சென்டர் ஃபார்வர்டு. சி.எஸ்.கே.ஏ.வில் பதிவேட்டில் சிப்பாய். வேறு வித்தியாசம் இல்லை.

பெண்கள் கதை இன்னும் அழுத்தமானது. தேசிய சாம்பியன்ஷிப்பில் இந்திய ரயில்வே பெண்கள் அணியை அசைக்கவே முடியாது என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லலாம். காரணம் எளிது. நன்றாக ஆடும் பெண்ணுக்கு ரயில்வே வேலை கொடுத்தது. வேலை இருந்ததால் திருமணத்துக்குப் பிறகும் அவள் ஆட முடிந்தது. நம் சென்னையின் அனிதா பால்துரையைப் பாருங்கள். தெற்கு ரயில்வே ஊழியர். 19 வயதில் இந்திய அணித் தலைவி. 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்புகள். நடுவில் ஒரு குழந்தையைப் பெற்றுக்கொண்டு, திரும்ப வந்தும் ஆடினார். 2021 இல் பத்மஸ்ரீ. அவருடைய திறமைக்கும் உழைப்புக்கும் முன்னால் தலை வணங்குகிறேன். கூடவே ஒன்றைக் கேட்கிறேன். மாதா மாதம் முதல் தேதியில் சம்பளம் வராமல் இருந்திருந்தால், பதினாறு வருடம் அவரை வீட்டில் ஆட விட்டிருப்பார்களா?

இப்போது என் அடிவயிற்றில் ஏதோ செய்த விஷயத்துக்கு வருகிறேன்.

இருபத்தொரு வருடம் முன்பு. என் பள்ளி மைதானத்தில் இரண்டு இரும்புக் கம்பங்கள் உண்டு. ஒன்றில் வளையம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இருந்த ஒற்றை வளையத்தில்தான் பி.டி. சார் பிள்ளைகளைப் பழக்கினார். எட்டாம் வகுப்பில் ஒரு பெண். எல்லோரையும்விட ஒரு தலை உயரம். கையில் பந்து போனால் வளையத்துக்குள்தான். பி.டி. சார் அவளை மாவட்ட அணித் தேர்வுக்கு அனுப்ப விரும்பினார். அப்போது நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். அவள் அப்பா கொத்தனார். அவர் கையெழுத்துப் போடத் தயங்கி, வகுப்பாசிரியர் என்ற முறையில் என்னிடம் வந்து கேட்டார்.

நான் சொன்னது இன்றைக்கும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "விளையாட்டு சோறு போடாதுங்க. படிப்புதான் சோறு போடும். பொம்பளைப் பிள்ளை, பத்தாவது நல்லா முடிக்கட்டும்."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அந்தப் பெண் வளையத்துப் பக்கம் போகவில்லை. பி.டி. சார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் அவர் எனக்கு எதிரே உட்காரவில்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். நான் கணக்கு எடுத்தவன். பாடம் முடியவில்லை என்று சொல்லி எத்தனையோ பி.டி. பீரியடை வாங்கியிருக்கிறேன். வாங்கியிருக்கிறேன் என்பது மரியாதையான சொல். பிடுங்கியிருக்கிறேன். மைதானத்துக்கு ஓடத் தயாராக வரிசையில் நின்ற பிள்ளைகளை வகுப்புக்குத் திருப்பி அழைத்துப் பின்னக் கணக்கு போட வைத்திருக்கிறேன்.

கோயிலில் என்னைப் பார்த்த பெண் அந்த எட்டாம் வகுப்புப் பெண்தான்.

நான் சொன்னபடியே அவள் படித்தாள். பத்தாவதில் நல்ல மதிப்பெண். பிளஸ் டூ முடித்தாள். மேலே படிக்க வைக்க அப்பாவுக்கு வசதி இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை. கம்பெனி பஸ், ஷிஃப்ட். நடுவில் திருமணம், குழந்தை. ஆறு வருடம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். படிப்பு சோறு போடும் என்று உத்தரவாதம் கொடுத்தவன் நான். போட்டதா? கொஞ்ச நாள் போட்டது.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனைக்கும் பிறகு, தன் மகளுக்கும் என்னிடமே வந்து கேட்கிறாள்.

ஆடியிருந்தால் ரயில்வேயில் வேலை கிடைத்திருக்கும், நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் பதிவு எளிதாக முடிந்துவிடும். ஆனால் கணக்கு வாத்தியார் கணக்குப் பார்க்காமல் பேசக்கூடாது. ஒரு அணிக்கு 12 பேர். வேலை கொடுக்கும் அணிகளை விரல் விட்டு எண்ணலாம். ஒருவர் வேலையில் சேர்ந்தால் அந்த இடம் மறுபடி காலியாகப் பல வருடம் ஆகும். அந்தக் காலம்போல நிரந்தர வேலைகளும் இப்போது இல்லை. நிறைய அணிகளில் மாதத் தொகை ஒப்பந்தத்தில் ஆடுகிறவர்கள்தான். அவள் ஆடியிருந்தாலும் வேலை கிடைத்திருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அலுவலக அணிகள் போனால் என்ன, தனியார் தொழில்முறை அணிகள் வருமே என்று கேட்கலாம். வந்தன. 2015 இல் யு.பி.ஏ. என்ற தொழில்முறை லீக் தொடங்கியது. சென்னை ஸ்லாம் என்று நமக்கும் ஒரு அணி. 2017 உடன் நின்றது. பிறகு 2022 இல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனமே ஐ.என்.பி.எல். என்று ஆரம்பித்தது. அதில் சென்னை ஹீட் என்று ஓர் அணி. சில வாரங்கள் ஆட்டம், கொஞ்சம் வெளிச்சம், பிறகு அடுத்த வருடம் எப்போது என்ற காத்திருப்பு. தோனியின் சி.எஸ்.கே. போல ஊரே மஞ்சள் சட்டை போடும் நாள் கூடைப்பந்துக்கு இன்னும் வரவில்லை.

மாஸ்கோவில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1991 இல் சோவியத் நாடே கலைந்தது. சி.எஸ்.கே.ஏ.வுக்குச் சோறு போட்ட அந்த ராணுவ ஏற்பாடும் ஆட்டம் கண்டது. உள்நாட்டில் 1992 முதல் 2000 வரை பட்டங்களை வென்றாலும் ஐரோப்பாவில் கோப்பை இல்லை. 2001, 2002 இரண்டு வருடமும் பெர்ம் நகரத்து உரால் கிரேட் என்ற அணி ரஷ்ய சாம்பியன் ஆனது. சி.எஸ்.கே.ஏ.வையே முந்திய அணி! அதன் கதி என்ன? 2008 இல் பணமில்லாமல் அந்தக் கழகமே மூடப்பட்டது. பெரிய தொழிலதிபர்களின் ஆதரவு கிடைத்த சி.எஸ்.கே.ஏ. மீண்டும் எழுந்தது. 1971க்குப் பிறகு 35 வருடம் காத்திருந்து 2006 இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. பிறகு 2008, 2016, 2019. சைபீரியாவில் நிக்கல் வெட்டியெடுக்கும் நோரில்ஸ்க் நிக்கல் நிறுவனத்தின் பணம் அதன் பின்னால் நின்றது. 2022 இல் உக்ரைன் போர் வந்தது. ரஷ்ய அணிகளை ஐரோப்பிய லீக்கிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலர் மூட்டை கட்டினார்கள்.

நூறு வருட அணி. எட்டு ஐரோப்பியக் கோப்பைகள். ஆட்டக்காரனின் கை எப்போதும் அதே கைதான். ராணுவம், தொழிலதிபர், நிக்கல் கம்பெனி என்று அவனுக்குச் சோறு போட்ட கை மாறிக்கொண்டே இருந்தது. அந்தக் கை விலகிய இடத்தில் சாம்பியன் அணிகூட ஒரே வருடத்தில் காணாமல் போயிருக்கிறது.

ஆக, அந்தக் கொத்தனாரிடம் நான் சொன்ன வாக்கியத்தில் எங்கே பிழை? விளையாட்டு சோறு போடாது என்பது பிழை. படிப்பு சோறு போடும் என்பதும் பிழை. இரண்டையும் தனித்தனியாகச் சோறு போடுவதில்லை. சோறு போடுவதற்கு யாராவது ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும். வங்கியில் அணி வேண்டும், ரயில்வேயில் இடம் வேண்டும், கல்லூரியில் கட்டணமில்லா சீட்டு வேண்டும், தொழிற்சாலையில் நிரந்தர வேலை வேண்டும். அந்த ஏற்பாடுகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு பெற்றோரிடம் சொல்வதுதான் வாத்தியார் வேலை. நான் அதைச் செய்யவில்லை. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. ஒரு பழமொழி மாதிரி வாக்கியத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். பக்கத்து மேஜையில் இருந்த பி.டி. சாரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மரியாதையான மனிதர். காபி வந்தது. அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"வெளையாடினா வேலை கெடைக்குமா சார்?"

"உறுதியா சொல்ல முடியாதுங்க" என்றேன். "ஆனா என்னென்ன வழி இருக்குன்னு சொல்றேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, பள்ளிப் படிப்பு எல்லாம் அங்கேயே. முதலமைச்சர் கோப்பையில் கூடைப்பந்தும் உண்டு. கல்லூரி சேரும்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் உண்டு. நம் ஊரிலிருந்து சில ஸ்டேஷன் தள்ளி காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம்போல, நன்றாக ஆடும் பிள்ளைகளைச் சலுகையோடு சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. மேலே படிக்கப் பணமில்லாமல் ஒரகடம் பஸ் ஏறிய அம்மாவுக்கு இந்தக் கதவு ஒன்று போதுமாயிருந்திருக்கும். அதற்கு மேலே ரயில்வே, வங்கி. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு. எல்லாவற்றுக்கும் சான்றிதழ் முக்கியம். மாவட்டம், மாநிலம் என்று ஆடிய ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று சொன்னேன். "இதெல்லாம் கெடைக்காமலும் போகலாம். அப்பவும் இவளுக்கு ஓடத் தெரியும், தோத்துட்டு மறுநாள் வந்து நிக்கத் தெரியும், நாலு ஊர் தெரியும். படிப்பையும் விட வேண்டாம். ரெண்டும் நடக்கட்டும். கணக்குல சந்தேகம் வந்தா எங்கிட்ட அனுப்புங்க. டியூஷன் ஃபீஸ் கிடையாது."

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்து, "அன்னிக்கு உங்கப்பாகிட்ட நான் தெரியாம சொல்லிட்டேன்மா" என்றேன். வாத்தியார் மாணவியிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை. அவ்வளவுதான் வந்தது.

அவள், "விடுங்க சார், காபி ஆறுது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மாலை போன் வந்தது. கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வரும் சனிக்கிழமை செங்கல்பட்டில் தேர்வு. அவருக்கு அன்றைக்கு லோடு இருக்கிறதாம், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காலை ரயிலில் போனால் பரனூர் தாண்டினால் செங்கல்பட்டு. முழங்கால் வலிக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டேன். தேர்வாவாளா என்று தெரியாது. தேர்வாகாவிட்டால் அடுத்த வருடமும் கூட்டிக்கொண்டு போவேன்.

குழந்தை எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டாள். இணையத்தில் தேடிப் பார்த்து, நான் உளறவில்லை என்று தெரிந்துகொண்டாளாம். இப்போது நான் 'சி.எஸ்.கே.ஏ. தாத்தா'.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாடம் முடியாமல் இருக்கலாம், ஆண்டுத் தேர்வு நெருங்கலாம். தயவுசெய்து பி.டி. பீரியடைக் கேட்காதீர்கள். நான் கேட்டு வாங்கிய பீரியடுகளில் நடத்திய பின்னக் கணக்கு எந்தப் பிள்ளைக்கும் இன்று நினைவில் இருக்காது. என் பழைய பள்ளியில் அந்த இரண்டாவது கம்பத்தில் இன்னும் வளையம் இல்லை. போன வாரம் போய்ப் பார்த்தேன். தலைமை ஆசிரியரிடம் பேசியிருக்கிறேன். முன்னாள் மாணவர்கள் யாராவது சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். என் பென்ஷனில் ஒரு வளையம் மாட்டிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்